மார்கழி முழுநிலவும் புவியின் நிழலும்

2028 ஆம் ஆண்டின் இறுதி நாளான டிசம்பர் 31 அன்று இரவு, இந்தியா முழுவதிலும் ஒரு முழுச் சந்திர கிரகணம் தென்படும். இந்திய நேரப்படி ஏறத்தாழ 8 மணி 37 நிமிடத்திற்குப் புவியின் கருநிழல் சந்திரனின் விளிம்பைத் தொடும். 9 மணி 46 நிமிடத்திற்கு நிலவு முழுவதும் நிழலுக்குள் சென்றுவிடும். 10 மணி 58 நிமிடம் வரை, அதாவது சுமார் 71 நிமிட நேரம், அது அந்நிலையிலேயே இருக்கும். நள்ளிரவு கடந்து 6 நிமிடங்கள் ஆகும்போது, புத்தாண்டின் முதல் நிமிடங்களில், நிழல் முற்றிலும் விலகும். நாட்டின் ஏதேனும் ஒரு மூலையில் மட்டும் தெரியும் நிகழ்ச்சியன்று இது. குமரி முதல் காஷ்மீர் வரை, துவாரகை முதல் திப்ருகார் வரை தொடக்கம் முதல் இறுதி வரை காணக்கூடியது. வானம் தெளிவாக இருப்பது ஒன்றே வேண்டுவது.

குளிர்காலத்தில் நிகழும் சந்திர கிரகணத்திற்குத் தனிச் சிறப்பு ஒன்று உண்டு. முழுநிலவு எப்போதும் சூரியனுக்கு நேர் எதிர்த் திசையில் நிற்பதாகும். டிசம்பர், ஜனவரித் திங்கள்களில் சூரியன் வானில் தென்கோடியில் தாழ்ந்து செல்கிறது. எனவே முழுநிலவு வடபால் உயர்ந்து, கோடைக்கால நண்பகற் சூரியன் செல்லும் பாதையில் செல்கிறது. டிசம்பர் 31 அன்று நள்ளிரவை ஒட்டி தில்லியில் நிலவு உச்சிக்கு ஏறத்தாழ 5 பாகை தெற்கேயும், சென்னையில் உச்சிக்கு ஏறத்தாழ 10 பாகை வடக்கேயும் நிற்கும். கிரகணத்தின் நடுப்பகுதியான இரவு 10 மணி 22 நிமிடத்தில் தில்லியிலும் சென்னையிலும் அது அடிவானத்திலிருந்து சுமார் 60 பாகை உயரத்தில் இருக்கும். கிழக்கே கொல்கத்தாவில் இன்னும் உயரம். கட்டடங்களோ மரங்களோ மறைக்க இயலாத உயரம் இது. கோடையில் நிகழும் கிரகணங்களின்போது நிலவு தென்வானில் தாழ்ந்து கிடப்பதால், வட இந்தியாவில் அது பெரும்பாலும் தூசிப் படலத்தின் ஊடாகவே தெரிகிறது. மேலும், குளிர்கால இரவு நீண்டது. புறநிழல் தொடுவது முதல் அது விலகுவது வரையிலான ஐந்தரை மணி நேரத்திற்கும் மேற்பட்ட நிகழ்ச்சி முழுவதும் ஒரே இரவில் அடங்கிவிடுகிறது.

கிரகணம் ஏற்படும் முறையைப் பள்ளிப் பாடநூல்கள் ஒரு படத்தில் காட்டிவிடுகின்றன. ஆனால் அப்படங்களில் அளவு விகிதம் பேணப்படுவதில்லையாதலால், மாணவர் மனத்தில் தவறான கருத்து ஒன்று பதிந்துவிடுகிறது. புவியின் கருநிழல் கூம்பு வடிவில் ஏறத்தாழ 14 லட்சம் கிலோமீட்டர் தொலைவு நீண்டு செல்கிறது. சந்திரனின் சராசரித் தொலைவு 3,84,400 கிலோமீட்டர். அத்தொலைவில் கருநிழலின் குறுக்களவு ஏறத்தாழ 9,000 கிலோமீட்டர். சந்திரனின் குறுக்களவோ 3,474 கிலோமீட்டர். எனவே நிலவைப் போல் ஏறத்தாழ இரண்டரை மடங்கு அகலமுள்ள ஓர் இருள் வட்டத்தினூடே நிலவு கடந்து செல்கிறது எனலாம். நிலவு மணிக்கு ஏறக்குறையத் தன் குறுக்களவு தூரமே விண்மீன்களின் நடுவே நகர்கிறது. முழு மறைப்பு ஒரு மணி நேரத்திற்கு மேலும் நீடிக்க முடிவதன் காரணம் இதுவே. நிழலின் நடுவே நேராகச் சென்றால் அது 1 மணி 47 நிமிடம் வரை கூட நீடிக்கும். ஒவ்வொரு பௌர்ணமியிலும் கிரகணம் நிகழாதது ஏன் என்று மாணவர் கேட்பர். சந்திரனின் பாதை, புவி சூரியனைச் சுற்றும் தளத்திற்கு ஏறத்தாழ 5 பாகை சாய்ந்துள்ளது. ஆகவே பெரும்பாலான பௌர்ணமிகளில் நிலவு நிழலுக்கு மேலாகவோ கீழாகவோ சென்றுவிடுகிறது.

சூரிய கிரகணத்திற்கும் இதற்கும் உள்ள ஒரு வேறுபாடு நிர்வாகத்திற்கும் பயன்படுவது. சூரிய கிரகணம் ஊருக்கு ஊர் வெவ்வேறு நேரத்தில் நிகழும். சந்திர கிரகணத்தில் நிழல் விழுவது சந்திரன் மீதே ஆதலால், அது உலகெங்கும் ஒரே கணத்தில் நிகழ்கிறது. நாடு முழுவதற்கும் ஒரே நேர அட்டவணை போதும். ஊருக்கு ஊர் மாறுபடுவது நிலவு எழும் நேரம் மட்டுமே. 2018 ஜனவரி 31 அன்று நிகழ்ந்த கிரகணம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அன்று மாலை 5 மணி 18 நிமிடத்திற்குக் கருநிழல் தொட்டது. 6 மணி 21 நிமிடத்திற்கு முழு மறைப்பு தொடங்கியது. வடகிழக்கு மாநிலங்களில் கிரகணம் தொடங்குமுன்பே நிலவு எழுந்திருந்தது. சென்னையில் பாதிக்கு மேல் நிழல் படிந்த நிலவு எழுந்தது. மும்பையில் முழு மறைப்பு தொடங்கிய பின்னரே நிலவு அடிவானத்தில் தோன்றியது. மாலை வெளிச்சத்தில் அம்மங்கலான வட்டத்தைத் தேடிக் கண்டுபிடிப்பதே அரிதாக இருந்திருக்கும். அதற்கு மாறாக, 2011 டிசம்பர் 10 அன்று மாலை 6 மணி 15 நிமிடம் முதல் இரவு 9 மணி 48 நிமிடம் வரையிலும், 2001 ஜனவரி 9 அன்று நள்ளிரவுக்குப் பின்னும் நிகழ்ந்த கிரகணங்கள் முழுமையாகக் காணக்கூடிய நிலையில் அமைந்தன. 2028 இல் வருவதும் இவ்வகையைச் சேர்ந்தது.

இந்நேரங்களைக் கணித்து வெளியிடும் அரசுப் பொறுப்பு கொல்கத்தாவிலுள்ள நிலைசார் வானியல் மையத்தினுடையது. இதன் தோற்றத்திற்குப் பின்னணி ஒன்று உண்டு. விடுதலைக்குப் பின் நாட்டில் வழங்கிய பஞ்சாங்கங்கள் ஒன்றுக்கொன்று முரண்பட்டன. ஒரே திருநாள் வெவ்வேறு நாள்களில் குறிக்கப்பட்டது. இதைச் சீராக்க 1952 இல் அறிவியலறிஞர் மேகநாத் சாகாவின் தலைமையில் நாள்காட்டிச் சீர்திருத்தக் குழு அமைக்கப்பட்டது. 1955 இல் அது தன் அறிக்கையை அளித்தது. 1957 மார்ச் 22 முதல் தேசிய நாள்காட்டி நடைமுறைக்கு வந்தது. அப்பணியின் தொடர்ச்சியாகவே இம்மையம் இந்திய வானியல் பஞ்சாங்கத்தையும், பல மொழிகளில் ராஷ்டிரிய பஞ்சாங்கத்தையும் வெளியிட்டு வருகிறது. மாவட்ட அலுவலகம் ஒன்று கிரகண நேரத்தை அறிவிக்க வேண்டின், இதையே ஆதாரமாகக் கொள்வது முறை.

கிரகணக் கணிப்பு நம் நாட்டிற்குப் புதிதன்று. கி.பி. 499 ஐ ஒட்டி ஆரியபடர் இயற்றிய நூல், சந்திரனை மறைப்பது புவியின் நிழலே என்று தெளிவாகக் கூறுகிறது. நிழலின் நீளத்தையும் அகலத்தையும் கணிக்கும் முறையையும் தருகிறது. தென்னகத்தில் இக்கலை மனப்பாட வாய்பாடுகளாக மக்களிடையே வழங்கி வந்தது. 1825 இல் ஜான் வாரன் என்பார் புதுச்சேரியில் பஞ்சாங்கம் கணிக்கும் தமிழர் ஒருவரைக் கொண்டு, அவ்வாண்டு மே 31 இரவில் நிகழவிருந்த சந்திர கிரகணத்தைக் கணிக்கச் செய்து, அம்முறையைப் பதிவு செய்தார். ஏட்டையோ எழுதுகோலையோ நாடாமல், சோழிகளைத் தரையில் பரப்பி, நினைவிலிருந்த வாய்பாடுகளைக் கொண்டே அவர் கணக்கிட்டார். தொடக்க நேரத்தில் ஏற்பட்ட பிழை 4 நிமிடம். நடுவில் 23 நிமிடம். முடிவில் 52 நிமிடம். தொடக்கம் வியப்பூட்டுகிறது, முடிவு ஏமாற்றமளிக்கிறது. வாய்பாட்டை ஒப்பிக்கத் தெரிந்தவர் அதன் காரணத்தை அறியாதபோது, பிழை எங்கிருந்து வருகிறது என்று தேடவும் திருத்தவும் இயலாமற் போகிறது. மரபைப் புகழ்வோரும் இகழ்வோரும் இவ்வெண்களில் ஒரு பாதியை மட்டுமே எடுத்துக் காட்டுவது வழக்கமாகிவிட்டது.

முழு மறைப்பின்போது நிலவு கண்ணுக்குப் புலப்படாமல் போவதில்லை. புவியைச் சூழ்ந்த காற்று மண்டலம் சூரிய ஒளியை வளைத்து நிழலுக்குள் செலுத்துகிறது. அவ்வாறு செல்லும் வழியில் நீல ஒளி சிதறிவிட, செந்நிற ஒளியே எஞ்சுகிறது. அந்நேரத்தில் சந்திரனில் நின்று புவியை நோக்குபவருக்குக் கரிய வட்டம் ஒன்றைச் சுற்றி மெல்லிய செவ்வளையம் தெரியும். புவியில் அக்கணத்தில் நிகழும் எல்லாச் சூரிய உதயங்களும் மறைவுகளும் சேர்ந்த வளையம் அது. நிழலின் விளிம்போரத்தில் சில வேளைகளில் இளநீலச் சாயல் தென்படுவதுண்டு. உயர் வளிமண்டலத்திலுள்ள ஓசோன் படலம் சிவப்பு ஒளியின் ஒரு பகுதியை உறிஞ்சிக் கொள்வதால் விளைவது அது.

இந்த நிறம் எல்லாக் கிரகணங்களிலும் ஒன்றுபோல் இருப்பதில்லை. இங்குதான் கிரகணம் வேடிக்கைப் பொருள் என்ற நிலையிலிருந்து அளவீட்டுக் கருவி என்ற நிலைக்கு உயர்கிறது. 1963 இல் இந்தோனேசியாவின் பாலித் தீவில் ஆகுங் எரிமலை வெடித்தது. அவ்வாண்டு டிசம்பர்க் கிரகணத்தில் நிலவு ஏறக்குறைய மறைந்தே போயிற்று. 1991 ஜூனில் பிலிப்பைன்சில் பினடூபோ எரிமலை வெடித்துப் பெருமளவு கந்தக வாயுவை உயர் வளிமண்டலத்திற்குள் செலுத்தியது. ஒன்றரை ஆண்டு கடந்த பின்னரும், 1992 டிசம்பர் 10 அன்று விடியலுக்கு முன் இந்தியாவிலும் தெரிந்த கிரகணம் மிக இருண்டதாக இருந்தது. எரிமலைத் துகள்கள் உயர் வளியில் எவ்வளவு காலம் தங்குகின்றன என்பது தட்பவெப்ப ஆய்வுக்கு இன்றியமையாத செய்தி. அதை அறியப் பல கோடி ரூபாய் பெறும் செயற்கைக்கோள்கள் இன்று உள்ளன. எனினும், செயற்கைக்கோள்கள் தோன்றுவதற்கு முந்தைய நூற்றாண்டுகளுக்கு, கிரகணங்களின் நிறத்தைக் கண்டு எழுதி வைத்தவர்களின் குறிப்புகளே சான்று.

இந்நிறத்தை அளக்க 1921 இல் ஆந்திரே தாஞ்சோன் என்ற பிரெஞ்சு வானியலார் ஓர் எளிய அளவுகோலை வகுத்தார். நடு மறைப்பில் நிலவு ஏறக்குறையக் கண்ணுக்குத் தெரியாவிட்டால் சுழியம். சாம்பல் அல்லது பழுப்பு நிறமாய் இருண்டு, மேற்பரப்பின் கூறுகள் அரிதாகவே தெரிந்தால் 1. துரு போன்ற ஆழ்ந்த சிவப்பாகி, நடுவில் மிக இருண்டிருந்தால் 2. செங்கல் நிறமும் விளிம்பில் மஞ்சட் சாயலும் இருந்தால் 3. செம்பு அல்லது ஆரஞ்சு நிறத்தில் ஒளிர்ந்து, விளிம்பில் நீலச் சாயல் தெரிந்தால் 4. இதற்குத் தொலைநோக்கி தேவையில்லை, வெறுங்கண்ணே சிறந்தது. 2028 கிரகணத்தில் நிலவு நிழலின் மையத்திற்குச் சற்று வடக்கே செல்வதால், அதன் வட விளிம்பு சற்றுப் பொலிவாகவும் தென்பகுதி இருண்டும் காணப்படும். மதிப்பெண் இடும்போது முழு வட்டத்தையும் கருத்திற் கொள்ள வேண்டும்.

பைனாகுலரோ சிறு தொலைநோக்கியோ உள்ள பள்ளிகள் மற்றொரு பணியையும் மேற்கொள்ளலாம். டைக்கோ, கோப்பர்நிக்கஸ், பிளேட்டோ முதலிய பெரிய பள்ளங்களைக் கருநிழலின் விளிம்பு கடக்கும் நேரத்தைக் கடிகாரத்தைக் கொண்டு குறிப்பதே அது. புவியின் நிழல் வடிவியற் கணக்கு கூறுவதைவிட ஏறத்தாழ 2 விழுக்காடு பெரிதாக உள்ளது என்பதை இத்தகைய நோக்கல்களே காட்டின. காற்று மண்டலமும் நிழல் வீழ்த்துவதே காரணம். நிழலின் விளிம்பு கூர்மையாக இராது. ஒரே பள்ளத்திற்கு இரு மாணவர் குறிக்கும் நேரங்கள் அரை நிமிடம் வேறுபடலாம். அவ்வேறுபாட்டை அழித்து எழுதாமல் அப்படியே பதிவு செய்யக் கற்பிப்பது ஆசிரியரின் கடமை.

நகரவாசிகள் அறியாத ஒரு காட்சி முழு மறைப்பின்போது கிடைக்கும். முழுநிலவின் ஒளியில் மங்கிப்போன விண்மீன்கள், நிலவு பல்லாயிரம் மடங்கு ஒளி குன்றியதும் ஒவ்வொன்றாய் வெளிப்படும். மார்கழி வானம் இதற்கு ஏற்றது. திருவாதிரை, மிருகசீரிடம், ரோகிணி, கார்த்திகைக் கூட்டம், தெற்கே சீரியஸ் எனப் பொலிவு மிக்க விண்மீன்கள் செந்நிலவைச் சூழ்ந்து நிற்கும். மின்விளக்கொளி மிகுந்த ஊர்களில் இம்மாற்றம் புலனாவதில்லை. லடாக்கில் 4,500 மீட்டர் உயரத்திலுள்ள ஹான்லே வானாய்வகத்தைச் சூழ்ந்த பகுதி 2022 இல் இருள்வானக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. அங்கே கிராம மக்கள் விளக்குகளுக்கு மறைப்பிட்டு வானத்தைக் காக்கின்றனர். எல்லா ஊர்களும் அவ்வாறு ஆக இயலாது. ஆயினும் ஒரு நகராட்சி, விளையாட்டுத் திடல் ஒன்றின் உயர்கம்ப விளக்குகளை 71 நிமிடம் அணைத்து வைப்பது பெருஞ்செலவு பிடிக்கும் செயலன்று.

வானிலை குறித்து உண்மையைக் கூறிவிட வேண்டும். டிசம்பர் இறுதியில் பஞ்சாப் முதல் வங்கம் வரையிலான கங்கைச் சமவெளியில் அடர்ந்த மூடுபனி வழக்கமானது. காற்று அசையாத தெளிந்த இரவில் தரை விரைவாகக் குளிர்ந்து, அதையொட்டிய ஈரக் காற்று பனியாகிறது. ஆனால் அது பின்னிரவில் திரண்டு விடியலில் உச்சம் பெறுவது. இரவு பத்து மணிக்கு வானம் திறந்திருக்க வாய்ப்பு உண்டு. தமிழகத்தில் வடகிழக்குப் பருவமழை பின்வாங்கும் காலம் ஆகையால் மேகம் குறுக்கிடலாம். தக்காண, மாளவப் பீடபூமிகளும் ராஜஸ்தானமும் பொதுவாகத் தெளிவான வானம் உடையவை. எங்காயினும் திறந்த வெளியில் நிற்பவருக்குப் பனி இறங்கும். தொலைநோக்கியின் ஆடி நனைந்து மங்கும். அதைத் துணியால் துடைக்காமல், தொடக்கத்திலேயே அட்டைக் குழல் ஒன்றை முன்புறம் நீட்டிப் பொருத்துவது நல்லது.

சந்திர கிரகணத்தை வெறுங்கண்ணால் பார்ப்பதில் எவ்விதத் தீங்கும் இல்லை. கருப்புக் கண்ணாடி தேவையில்லை. சூரிய கிரகணத்திற்குக் கூறப்படும் எச்சரிக்கைகளைச் சிலர் இதற்கும் பொருத்திவிடுகின்றனர். நிலவொளி கிரகணத்தின்போது குறைகிறதேயன்றி, அதில் புதிதாக எந்தக் கதிரும் சேர்வதில்லை.

இவ்வாறு கூறுவது எளிது. நடைமுறை அத்துணை எளிதன்று. பல இல்லங்களில் கிரகணத்திற்குப் பல மணி நேரம் முன்பே அடுப்பு அணைக்கப்படுகிறது. கருவுற்ற பெண்கள் அறையை விட்டு வெளியே வராமலும், உணவும் நீரும் கொள்ளாமலும் இருத்தி வைக்கப்படுகின்றனர். பண்டைய விதிகளில் குழந்தைகளுக்கும் முதியோருக்கும் நோயாளிகளுக்கும் விலக்கு உண்டு என்பதைப் பலர் மறந்துவிட்டனர். நீரிழிவுக்கு மருந்து கொள்ளும் ஒருவர் உணவின்றி இருப்பதும், நிறைமாதக் கருவுற்ற பெண் நீரருந்தாது இருப்பதும் உண்மையான ஆபத்துகள். அவற்றிற்குக் காரணம் நிழலன்று. கிராமச் சுகாதாரப் பணியாளர் அந்நாளில் வீடு வீடாகச் சென்று நம்பிக்கையை வாதிட்டு வெல்ல முயல்வதைவிட, கருவுற்றவர் மாலை ஏழு மணிக்கு நன்கு உண்ணவும், தேவையானபோது நீர் அருந்தவும் குடும்பத்தின் மூத்த பெண்களிடம் பேசி ஏற்பாடு செய்வது பயனுடையது. மாணவர் விடுதிகளிலும் மருத்துவமனைகளிலும் சமையற்கூடத்தை மூடிவிடும் பழக்கத்திற்கு இடமளிக்கலாகாது.

கரையோர மாவட்டங்களின் பொறுப்பு தனித்தது. கிரகணம் விட்டதும் நீராடுவது தொன்மையான வழக்கம். காசியின் படித்துறைகள், ஹரித்துவாரம், பிரயாகை, ராமேசுவரம் ஆகிய இடங்களில் மக்கள் பெருந்திரளாகக் கூடுவர். 2028 இல் கிரகணம் விடும் நேரம் நள்ளிரவு கடந்த 6 ஆவது நிமிடம், வடக்கே கடுங்குளிர், அதுவே புத்தாண்டுக் கூட்டம் தெருக்களில் நிறைந்திருக்கும் வேளை. முதியோர் ஈர உடையுடன் குளிர்காற்றில் நெடுநேரம் நிற்பதால் உடல் வெப்பம் ஆபத்தான அளவுக்குக் குறையக்கூடும். படிகளில் ஒளி, உடை மாற்ற மறைவிடம், தீமூட்டும் இடங்கள், மருத்துவ உதவி, படகுப் போக்குவரத்திற்குக் கட்டுப்பாடு ஆகியவை பல நாள்களுக்கு முன்பே திட்டமிடப்பட வேண்டியவை. நேரம் நிமிடக் கணக்கில் முன்கூட்டியே தெரிந்த கூட்டம் இது ஒன்றே எனலாம். ஆயத்தமின்மைக்குச் சாக்குக் கூற இடமில்லை.

இக்கிரகணம் ஒரு குடும்பத்தைச் சேர்ந்தது. ஒத்த அமைப்புள்ள கிரகணங்கள் 18 ஆண்டுகள் 10 அல்லது 11 நாள்கள் 8 மணி நேரத்திற்கு ஒருமுறை மீண்டும் நிகழ்கின்றன. இச்சுழற்சிக்கு சாரோஸ் என்று பெயர். எஞ்சும் அந்த 8 மணி நேரத்தில் புவி மூன்றில் ஒரு பங்கு சுழன்றுவிடுவதால், அடுத்த கிரகணம் உலகின் வேறொரு பகுதியில் தெரிகிறது. மூன்று சுழற்சிகள் முடிந்தால் மீண்டும் ஏறக்குறையப் பழைய இடம். 1974 நவம்பர் 29 அன்று முன்னிரவில் இந்தியாவில் தெரிந்த முழுக் கிரகணம் இக்குடும்பத்தினது. அடுத்தது 1992 டிசம்பர் 10 விடியற்காலையில் எரிமலைத் துகளால் இருண்டு வந்தது. 2010 டிசம்பர் 21 இல் வந்தபோது இந்தியாவில் நண்பகல்; இங்கே காண இயலவில்லை. 1974 இல் மாணவராய் இருந்து கண்டவர் 54 ஆண்டுகளுக்குப் பின் அதே கிரகணத்தின் மறுவருகையை 2028 இல் ஒன்றே முக்கால் மணி நேரத்திற்குள்ளான வேறுபாட்டில் காண்பார். அதற்கடுத்த வருகை 2047 ஜனவரி 12 இல், இந்திய நேரப்படி காலை 7 மணியை ஒட்டி, மேற்கே நிலவு மறையும் தறுவாயில் நிகழும். வட இந்தியாவில் அது மூடுபனி மிக அடர்ந்திருக்கும் வேளை.